170 டாலரில் 74 சதவீதம் எங்கே போனது?

வாசகி கேள்வி:

சிட்னியில் வென்ட்வொர்த்வில்லில் இருக்கிறோம். மகனுக்கு 4 வயது, மகளுக்கு 11 மாதம். மகன் வாரம் 3 நாள் சைல்ட்கேர் போகிறான். 10 மணி நேர செஷன், நாளுக்கு 170 டாலர். 12 மணி நேர செஷன் 175 டாலர் என்றார்கள். அவ்வளவு நேரம் நமக்கு எதற்கு என்று குறைந்த விலையையே எடுத்தோம். சைல்ட்கேர் செலவுக்கு அரசு தரும் மானியம் எங்களுக்கு 74 சதவீதம் என்று அரசுச் சேவைகளின் இணையக் கணக்கான மைகவ் காட்டுகிறது. அப்படிப் பார்த்தால் நாளுக்கு 44 டாலர், வாரத்துக்கு 132 டாலர்தானே எங்கள் பங்கு? ஆனால் வாரம் 201 டாலர் எடுக்கிறார்கள். சென்டரில் கேட்டால் "சென்டர்லிங்க் கணக்கு" என்று அரசு உதவித்தொகை அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். சென்டர்லிங்க்கில் கேட்டால் "சென்டரைக் கேளுங்கள்" என்கிறார்கள்.

மகளை இதுவரை மாமியார் பார்த்துக்கொண்டார். விசா முடிந்து அடுத்த மாதம் திருச்சிக்குத் திரும்புகிறார். அவளையும் சேர்க்க வேண்டும். கணவருக்கு வருடம் 105,000 டாலர். எனக்கு 3 நாள் வேலைக்கு 60,000. "சம்பாதிப்பதை எல்லாம் அங்கே கொடுப்பதற்கு நீயே வீட்டில் இருந்துவிடேன்" என்கிறார் அம்மா. ஆபீஸில் 4 நாள் வரச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த 201 டாலர். உங்கள் சென்டர் ஏமாற்றவில்லை, சென்டர்லிங்க்கும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. நான் மேற்கு சிட்னியில் பல வருடங்களாக வரிக் கணக்குப் பார்க்கிறேன். இந்தக் கேள்வியோடு வராத இளம் பெற்றோர் குறைவு. படித்தவர்கள், கணக்கில் கெட்டிக்காரர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள். காரணம், "74 சதவீதம்" என்று சொல்கிறார்களே தவிர, எதில் 74 சதவீதம் என்பதை யாரும் நம் கண்ணில் படும்படி எழுதுவதில்லை.

அது உங்கள் பில்லில் 74 சதவீதம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் என்று அரசு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025-26 நிதியாண்டில், இன்னும் பள்ளிக்குப் போகாத குழந்தைக்கு, சென்டர்களுக்கு அது 14.63 டாலர். உங்கள் சென்டர் 170 டாலரை 10 மணி நேரத்துக்கு வாங்குகிறது, அதாவது மணிக்கு 17 டாலர். அரசு 17 டாலரைப் பார்ப்பதே இல்லை. 14.63-ஐ மட்டும் எடுத்து, அதில் 74 சதவீதம் தருகிறது. 10 மணி நேரத்துக்கு 146.30 டாலர், அதில் 74 சதவீதம் சுமார் 108 டாலர். 170-லிருந்து 108 போனால் 62. மிச்சம் 62 டாலரும் உங்கள் தலையில். நீங்கள் எதிர்பார்த்த 44-க்கும் இந்த 62-க்கும் இடையில்தான் வாரத்துக்கு ஐம்பது டாலருக்கு மேல் போகிறது.

அப்புறம் இன்னொரு சின்னப் பிடித்தம். மானியத்தில் 5 சதவீதத்தை அரசு தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளும். நீங்கள் வருமானத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தால் பின்னால் ஈடுகட்ட வேண்டுமே, அதற்காக. உங்களுக்கு இது நாளுக்கு 5 டாலர் 40 சென்ட் வரும். இருவரும் வரிக் கணக்கு தாக்கல் செய்தபின், சொன்ன வருமானமும் உண்மை வருமானமும் ஒத்துப்போனால் இது திரும்பி வரும். ஆகவே 62-உம் 5.40-உம் சேர்ந்து 67 சொச்சம், 3 நாளுக்கு 201. கணக்கு முடிந்தது.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். 12 மணி நேர செஷன் 175 டாலர், அதை வேண்டாம் என்று விட்டோம் என்கிறீர்கள். 175-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 14.58 டாலர். உச்சவரம்புக்குக் கீழே. அப்படியானால் முழு 175-க்கும் 74 சதவீதம் கிடைக்கும். அரசு தருவது 129 டாலருக்கு மேல், உங்கள் பங்கு 45 டாலர் சொச்சம். விலை 5 டாலர் கூடிய செஷனில் நீங்கள் கட்டுவது 16 டாலர் குறைகிறது.

நம்பக் கடினமாக இருக்கும். சிக்கனமாக இருக்க வேண்டும் என்று நினைத்த குடும்பம் அதிகம் கட்டியிருக்கிறது. உங்கள் மேல் தவறே இல்லை. மலிவானதை எடுப்பதுதான் யாருக்கும் தோன்றும். சேர்க்கும்போதே சென்டர் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

"குழந்தை 12 மணி நேரம் அங்கே இருக்கப்போவதில்லையே, அது ஏமாற்றாகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. மானியம் கணக்கிடப்படுவது நீங்கள் பதிவு செய்து பணம் கட்டும் செஷனுக்கு. 8 மணிக்கு விட்டு 4 மணிக்குக் கூட்டிவந்தாலும் அந்த செஷன் உங்களுடையது. கூட்டிவரும்போது உண்மையான நேரத்தைப் பதிந்தால் போதும். சென்டர் தன் விலைப் பட்டியலில் எல்லாருக்கும் வைத்திருக்கும் செஷனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த அமைப்பு நல்லதா என்றால், எனக்கு அதில் திருப்தி இல்லை. யாரும் பயன்படுத்தாத மாலை நேரத்துக்குப் பொதுப் பணம் போகிறது. ஆனால் விதியை எழுதியது நீங்கள் இல்லை. 4 வயதுப் பையனையும் கைக்குழந்தையையும் வைத்திருக்கும் நீங்கள் அதற்காக வாரம் நூறு டாலர் கூடக் கட்ட வேண்டியதும் இல்லை.

நீண்ட செஷனுக்கு ஒரு எல்லை உண்டு. மானியம் கிடைக்கும் மணி நேரத்துக்கும் வரம்பு இருக்கிறது. 2026 ஜனவரி 5 முதல் விதி மாறியது. மானியத்துக்குத் தகுதியுள்ள எந்தக் குடும்பத்துக்கும், பெற்றோர் வேலை பார்க்கிறார்களோ இல்லையோ, இரண்டு வாரத்துக்கு 72 மணி நேரம் உறுதி. அதற்கு முன்பு, தாயோ தந்தையோ வேலை, படிப்பு எதிலும் இல்லையென்றால் மானிய நேரம் வெகுவாகச் சுருங்கிவிடும் அல்லது இல்லாமலே போகும். பிள்ளையை விட இடம் கிடைத்தால்தான் வேலை தேடவே முடியும், வேலை இருந்தால்தான் மானியம் என்று எத்தனையோ பெண்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தார்கள். அந்த முடிச்சு அவிழ்ந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

72 மணி என்றால் வாரத்துக்கு 36, அதாவது 12 மணி நேர செஷன் சரியாக 3 நாள். உங்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. இரண்டு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலையோ படிப்போ இருந்தால் 100 மணி கிடைக்கும். இதில் கணவன், மனைவி இருவரில் யாருடைய நேரம் குறைவோ அதைத்தான் பார்ப்பார்கள். நாளுக்கு 7.6 மணி என்று வைத்தால் உங்கள் 3 நாள் வேலை இரண்டு வாரத்துக்கு 45.6 மணி, வேலை நேரத்தை மட்டும் பார்த்தால் 72-தான். 4 நாள் போனால் 60-ஐத் தாண்டும், 100 கிடைக்கும். 12 மணி செஷன் 4 நாள் என்றால் 96, அதற்குள் அடங்கும். 5 நாள் போவதானால் மட்டும் 120 ஆகி 20 மணி நேரத்துக்கு மானியம் இல்லாமல் போகும். அன்றைக்கு மறுபடி 10 மணி செஷனையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

இனி மகள். இரண்டாவது குழந்தைக்கும் இதே பில் இன்னொரு மடங்கு வரும் என்று நீங்கள் பயப்படலாம். வராது. ஐந்து வயதும் அதற்குக் குறைவுமான இரண்டு குழந்தைகள் சைல்ட்கேரில் இருந்தால், மூத்ததற்குச் சாதாரண விகிதம், இளையதற்குக் கூடுதல் விகிதம். 2022 மார்ச்சில் வந்த ஏற்பாடு இது. உங்கள் வருமானத்துக்கு மகளின் விகிதம் சுமார் 88 சதவீதம் வரும். தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. மகளுக்கும் மானியம் கோரி, சென்டர் சேர்க்கையை மைகவ்வில் நீங்கள் உறுதி செய்தால், கூடுதல் விகிதம் தானாக வரும்.

மகளுக்கும் அதே விலை என்று வைத்து, இரண்டு பேருக்கும் 3 நாள் போட்டுப் பார்த்தேன். 10 மணி செஷனில் சேர்த்தால், நிறுத்தி வைக்கும் 5 சதவீதத்தோடு, வாரம் சுமார் 345 டாலர் பில் வரும். 12 மணி செஷனில் சுமார் 243. இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு 201 கட்டுகிறீர்கள். செஷனை மாற்றினால் இன்னும் 42 டாலரில் இரண்டாவது பிள்ளையும் சேர்ந்துவிடும்.

இது மட்டும் இல்லை. மகனுக்கு 4 வயது என்பதால், நியூ சவுத் வேல்ஸ் அரசின் "ஸ்டார்ட் ஸ்ட்ராங்" உதவி அவனுக்கு உண்டா என்று சென்டரைக் கேளுங்கள். பள்ளிக்கு முந்தைய வருடங்களில் இருக்கும் குழந்தைகளுக்கு, மத்திய அரசின் மானியத்துக்கு மேல், நீங்கள் கட்டும் பங்கிலிருந்து கழிக்கும் பணம் இது. ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவம் நமக்கு வந்த மின்னஞ்சல் குவியலில் படிக்காமலே கிடக்கும். போன வாரம்கூட ஒரு தம்பதிக்கு அவர்கள் போனிலேயே தேடி எடுத்துக் கொடுத்தேன்.

"மானியத்தைக் கூட்டினார்கள், செய்தியில் பார்த்தோம், எங்கள் பில் ஏன் ஏறிக்கொண்டே போகிறது" என்ற கேள்வியும் உங்கள் கோபத்துக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் அரசு பெரும்பாலான சென்டர்களுக்கு நேரடியாக விலை வைப்பதில்லை. சென்டர் தன் விலையைத் தானே வைக்கிறது, அரசு அதில் ஒரு பகுதியைக் கொடுக்கிறது. இப்போதுள்ள மானியம் 2018 ஜூலையில் வந்தது. அதற்கு முன் இருந்த இரண்டு உதவிகளை ஒன்றாக்கினார்கள். 2023 ஜூலையில் உச்ச விகிதத்தை 85-லிருந்து 90 சதவீதமாக்கி, அதிக வருமானக் குடும்பங்களுக்கும் நீட்டினார்கள். அந்த மாற்றத்தால் சென்டர்களில் பெற்றோர் கட்டும் பங்கு சராசரியாக 11 சதவீதம் குறைந்தது என்று ஏசிசிசி எனப்படும் போட்டி, நுகர்வோர் ஆணையம் கண்டது. ஆக மானியம் பயன் தந்தது உண்மை. ஆனால் அதே ஆணையம் இன்னொன்றையும் சொன்னது. 2018 முதல் 2022 வரை ஆஸ்திரேலியாவில் சைல்ட்கேர் விலை 20 சதவீதம் ஏறியது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் அடங்கிய ஓஇசிடி அமைப்பின் சராசரி 9.5 சதவீதம். மானியத்தால் கிடைக்கும் நிம்மதியை, அடுத்தடுத்து வரும் விலையேற்றம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது.

அந்த மணி நேர உச்சவரம்பு, விலையைக் கட்டுக்குள் வைக்கத்தான் வந்தது. "இதற்கு மேல் ஏற்றினால் பெற்றோர் வேறு இடம் போய்விடுவார்கள்" என்று சென்டர்கள் அடங்கி இருக்கும் என எதிர்பார்த்தார்கள். ஆனால் பெற்றோருக்கு அந்த எண் தெரிந்தால்தானே? பக்கத்து சென்டரில் இடம் காலியாக இருந்தால்தானே? பழகிய டீச்சரிடமிருந்து அழும் குழந்தையைப் பிரித்து, 10 டாலருக்காக எந்தத் தாய் இடம் மாற்றுவாள்? உச்சவரம்பு விலையை எதிர்பார்த்தபடி கட்டுப்படுத்தவில்லை என்றுதான் ஆணையமும் எழுதியது. சென்டர்கள் தங்கள் செஷன் நேரத்தை மானிய விதிகளுக்கு ஏற்ப வகுத்துக்கொள்வதையும் அது கவனித்திருக்கிறது. உங்கள் சென்டரின் 175 டாலர், 12 மணி நேரத்துக்கு 14.63 வீதம் வரும் 175.56-க்குச் சற்றே கீழே நிற்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

உச்சவரம்பைத் தாண்டிய சென்டரில் ஒவ்வொரு விலையேற்றமும் எப்படி விழுகிறது என்று பாருங்கள். 2025 ஜூலைக்கு முன் உங்கள் 10 மணி செஷன் 164 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 170. ஏற்றம் 6 டாலர். 74 சதவீத மானியம் இருக்கும் குடும்பம் அதில் ஒன்றரை டாலர் கட்டினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் உச்சவரம்பு ஏறியது 14.29-லிருந்து 14.63-க்கு மட்டும். மானியம் கூடியது நாளுக்கு இரண்டரை டாலர். மீதி மூன்றரை உங்கள் பங்கில் ஏறியது. 14.63-க்குக் கீழே இருக்கும் செஷனில் ஏற்றத்தின் கால்பங்குதான் உங்களுடையது. அதைத் தாண்டிவிட்டால், தாண்டிய ஒவ்வொரு சென்ட்டும் முழுக்க உங்களுடையது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சென்டர் ஊழியர்களுக்கு இரண்டு கட்டமாக 15 சதவீதச் சம்பள உயர்வுக்கு அரசு பணம் கொடுக்கிறது. அதை வாங்கும் சென்டர்கள் வருடத்துக்கு ஒரு அளவுக்கு மேல் விலை ஏற்றக் கூடாது என்பது நிபந்தனை. 2025 ஆகஸ்ட் முதல் ஒரு வருடத்துக்கு அந்த அளவு 4.2 சதவீதம். உங்கள் சென்டர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாள் முழுக்க நம் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கும் அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கூடுவது இன்னும் முன்பே நடந்திருக்க வேண்டியது.

சரி, அம்மா சொன்னதற்கு வருகிறேன். "சம்பாதிப்பதை எல்லாம் அங்கே கொடுக்கிறாய்" என்பது அவர் கண்ணுக்குத் தெரியும் பில்லை வைத்துச் சொன்னது. அவர் பேச்சில் இருக்கும் அக்கறை புரிகிறது. ஆனால் எண்கள் வேறு சொல்கின்றன. 60,000 சம்பளத்தில் வருமான வரியும், பொது மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரியும் சேர்ந்து சுமார் 10,000 போகும். கையில் 50,000. இரண்டு பிள்ளைகளுக்கும் 12 மணி செஷன், 3 நாள், வருடம் 50 வாரம் என்று வைத்தால், 5 சதவீதம் திரும்பி வந்தபின் நீங்கள் கட்டுவது சுமார் 10,000. ஆக 40,000 டாலர் வீட்டுக்கு வருகிறது. நீங்கள் வேலையை விட்டால் மானிய விகிதம் ஏறும், பிள்ளைகளை வளர்க்க அரசு தரும் ஃபேமிலி டாக்ஸ் பெனிஃபிட் உதவியும் கொஞ்சம் வரலாம். அதையெல்லாம் சேர்த்தாலும் இந்த 40,000-க்குப் பக்கத்தில் வராது. வீட்டில் இருப்பது உங்கள் விருப்பமாக இருந்தால் அது நல்ல முடிவே, தயங்க வேண்டாம். 3 நாள் மானியம் அப்போதும் உண்டு. ஆனால் "போய் என்ன பயன்" என்ற எண்ணத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பில்லை எப்போதும் மனைவியின் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடும் பழக்கமும் நம் வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேருடையவர்கள். பில்லும் 165,000-இல் இருந்து போகிறது, 60,000-இல் இருந்து மட்டும் இல்லை. இதை உங்கள் கணவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

4 நாள் போவதில் கவனமாக இருங்கள். இங்கே கணக்கு இறுக்கமானது. சம்பளம் 20,000 கூடும். அதில் 30 சதவீத வரி, 2 சதவீத மெடிகேர், மொத்தம் 6,400 போய் 13,600 மிஞ்சும். குடும்ப வருமானம் 185,000 ஆவதால் மகனின் மானியம் 74-லிருந்து 70-க்கு இறங்கும். சாதாரண விகிதம், 85,279 டாலருக்கு மேல் ஒவ்வொரு 5,000-க்கும் ஒரு புள்ளி இறங்கும். மகளின் விகிதம் இன்னும் வேகமாக, 88-லிருந்து 81-க்கு இறங்கும். இந்த இறக்கம் நான்காம் நாளுக்கு மட்டும் இல்லை, ஏற்கனவே போகும் 3 நாளுக்கும் சேர்த்து. நாலு நாளுக்கும் வருடத்துக்குச் சுமார் 17,000 கட்ட வேண்டியிருக்கும், 7,000 கூடுதல். கடைசியில் கையில் நிற்பது 6,500 டாலர் அளவில். 50 நாள் வேலைக்கு, நாளுக்கு 130 டாலர். ஓய்வூதியக் கணக்கில் 12 சதவீதம், அதாவது 2,400, தனியாகச் சேரும்.

இது நட்டம் இல்லை, ஆனால் 20,000 என்று நினைத்துப் போனால் மனம் ஒடிந்துவிடும். என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதம் 3 நாளிலேயே இருங்கள். புதிதாகச் சேரும் 11 மாதக் குழந்தைக்கு முதல் சில மாதங்கள் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். நீங்களும் கணவரும் லீவு போட்டுச் சமாளிக்க வேண்டியிருக்கும். 4 நாள் என்பது பதவி உயர்வுக்கு வழி என்றால் மட்டும் இப்போதே யோசிக்கலாம். அடுத்த சில வருடங்களின் சம்பளம் அதில் அடங்கியிருக்கிறது, அதை இந்த ஒரு வருடக் கணக்கு காட்டாது.

மகன் பள்ளிக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அவன் பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பு எதற்கும் போகாமல் நின்றுவிட்டால், அல்லது 6 வயது ஆகிவிட்டால், மகளுக்குக் கிடைக்கும் கூடுதல் விகிதம் நின்று, அவள் சாதாரண விகிதத்துக்கு வந்துவிடுவாள். அப்போது பில் திடீரென்று ஏறும். பலர் அதைச் சென்டரின் தவறு என்று நினைத்துச் சண்டை போடுகிறார்கள்.

என் மேசைக்கு அதிகம் வரும் கண்ணீர்க் கதை வருமான மதிப்பீடு பற்றியது. உங்கள் 165,000 எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. சம்பளத்தை மட்டும் கூட்டினீர்களா? மானியத்துக்குப் பார்க்கும் வருமானம் வேறு. வாடகை வீட்டில் காட்டும் நஷ்டத்தை வரிக் கணக்கில் கழிப்போம், இங்கே அதைத் திரும்பக் கூட்டுவார்கள். ஓய்வூதியக் கணக்கான சூப்பரில் நாமாகச் சம்பளத்திலிருந்து போடும் சேலரி சாக்ரிஃபைஸ் தொகை, மருத்துவமனை ஊழியர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சலுகையாக வாங்கும் சேலரி பேக்கேஜிங், சம்பளத்திலிருந்தே காருக்குக் கட்டும் நோவேட்டட் லீஸ், இவற்றில் வருமானச் சான்றில் தெரியும் தொகைகளும் சேரும். ஊரில் வீட்டு வாடகையோ வங்கி வட்டியோ வந்தால் அதுவும். வாடகை வீட்டில் 12,000 நஷ்டம் காட்டி, அது கழித்த தொகையைத்தான் வருமானம் என்று சொல்லியிருந்தால், உங்கள் இரண்டு பிள்ளைகள் கணக்கில் வருடத்துக்குச் சுமார் 1,700 டாலர் கூடுதலாக வாங்கியவர்கள் ஆவீர்கள். நிறுத்தி வைத்த 5 சதவீதம் அதை அடைத்துவிடும், ஆனால் திரும்பி வரும் என்று காத்திருந்த பணம் வராது. வித்தியாசம் அதைவிடப் பெரிதானால் கடனாக நோட்டீஸ் வரும். சம்பளம் கூடிய வாரமே மைகவ்வில் எண்ணை மாற்றிவிடுங்கள், ஜூன் வரை தள்ளாதீர்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஊருக்குப் போகும்போது சென்டர் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு குழந்தைக்கு நிதியாண்டில் 42 நாள் வராத நாட்களுக்கும் மானியம் உண்டு. பயணம் 6 வாரத்துக்குள் இருக்கட்டும், அதைத் தாண்டினால் மானியம் நின்றுவிடும். ஆனால் சென்டரை விட்டு விலகும்போது, குழந்தை கடைசியாக நேரில் வந்த நாளுக்குப் பின் வரும் நாட்களுக்குப் பொதுவாக மானியம் கிடையாது. நோட்டீஸ் கொடுத்துவிட்டு அன்றே விமானம் ஏறிய ஒரு குடும்பம், இரண்டு வாரத்துக்கு முழு விலையும் கட்டியது. முதல் நாளுக்கும் இதே விதிதான். குழந்தை முதன்முதலாக வந்து இருந்த நாளிலிருந்துதான் மானியம் தொடங்கும்.

பிஆர் எனப்படும் நிரந்தர வசிப்புரிமை இன்னும் வராமல் 482 வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருக்கும் வாசகர்கள் இதைப் படித்தால், அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மானியம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். உதவித்தொகையில் படிக்கும் சிலர் விதிவிலக்கு. முழு விலை கட்டும் அந்தக் குடும்பங்கள் செஷன் நீளத்தைப் பார்க்க வேண்டாம், நாள் விலை எங்கே குறைவோ அங்கே போகலாம். பிஆர் கிடைத்ததும் உடனே விண்ணப்பியுங்கள். 28 நாளுக்கு மேல் பின்தேதியிட்டு மானியம் தரமாட்டார்கள்.

உங்களுக்கு இந்த வாரம் செய்ய வேண்டியது, சென்டர் மேலாளரிடம் மகனை 12 மணி செஷனுக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேட்பது. மகளுக்கும் அதே செஷன், அதே 3 நாள் கேளுங்கள். புதிய சேர்க்கை விவரம் மைகவ்வில் வந்தால் "கன்ஃபர்ம்" அழுத்த மறக்காதீர்கள், அழுத்தாதவரை முழு விலைதான் ஓடும். மாமியார் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மகளை அனுப்பத் தொடங்குங்கள். முதல் நாட்களில் அழைத்துவர ஒரு பழகிய முகம் வீட்டில் இருப்பது குழந்தைக்கும் உங்களுக்கும் பெரிய துணை. ஜூலையில் உச்சவரம்பு மாறும், சென்டரும் புதிய விலைப் பட்டியல் அனுப்பும். அது வந்த அன்றே விலையை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அரசு சொல்லும் எண்ணைத் தாண்டியிருந்தால் அந்தப் பட்டியலோடு மறுபடி எனக்கு எழுதுங்கள்.